உஷார்! ஸ்டியரிங் ஆடுகிறதா? டேம்பரை நம்பி மோசம் போகாதீர்கள்

மணிக்கு அறுபது, எழுபதில் நேராகப் போய்க்கொண்டிருக்கிறது ஜிப்சி. பாலத்து இணைப்பில் ஒரு சின்னத் துள்ளல், அவ்வளவுதான். மறு நொடியே முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக வெட்டத் தொடங்க, ஸ்டியரிங் கையை உதறித் தள்ள, வண்டி மொத்தமும் சாமியாடுகிறது. ஆக்சிலேட்டரை விட்டாலும் உடனே அடங்காது. வேகம் நன்றாகக் குறைந்த பிறகுதான் நிற்கும். உலகெங்கும் ஜீப்காரர்கள் இதை ‘டெத் வாபிள்’ என்கிறார்கள். பெயரைக் கேட்டுச் சிரித்தவர்கள், ஒருமுறை மாட்டிக்கொண்டால் அப்புறம் சிரிப்பதில்லை.

முன்னால் ஒரே துண்டு ஆக்சில் உள்ள வண்டிகளுக்கு வரும் நோய் இது. பழைய மகிந்திரா மேஜர், கமாண்டர், மாருதி ஜிப்சி, 2023-ல் இங்கே வந்த ஜிம்னி, ஜீப் ரேங்லர் எல்லாம் இந்த வகைதான். 2020-க்குப் பிறகு வந்த தார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் மூச்சு விடலாம். அதன் முன்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்குபவை. அதில் ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் வீல் பேலன்சிங்கைப் பாருங்கள்.

ஓடும்போது ஆட்டம் வந்துவிட்டால் என்ன செய்வது? பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கோடு மல்லுக்கு நிற்காதீர்கள். கட்டை விரல்களை வளையத்துக்கு வெளியே வைத்து உறுதியாகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரை விட்டு, மெல்ல வேகம் குறைத்து ஓரங்கட்டுங்கள். விரல் உள்ளே இருந்தால் ஸ்டியரிங் கம்பி அடித்து எலும்பு முறியலாம்.

இனிதான் உண்மையான ஆபத்து. ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் பல இடங்களில் வரும் முதல் பதில், “டேம்பரை மாத்திடலாம் சார், சரியாயிடும்.” மாற்றினால் ஆட்டம் நின்றும் விடும். பணம் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வருவீர்கள். ஆனால் ஸ்டியரிங் டேம்பர் அதிர்வை விழுங்கும் ஒரு ஷாக் அப்சார்பர், அவ்வளவே. தேய்ந்த புஷ்ஷையோ, தளர்ந்த போல்ட்டையோ அது சரிசெய்யாது, மறைத்துவைக்கும். உள்ளே தேய்மானம் வளர்ந்துகொண்டே போகும். டேம்பர் களைத்த அன்றைக்கு ஆட்டம் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும். இரட்டை டேம்பர் மாட்டித் தருகிறேன் என்பவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அமெரிக்காவில் புது ரேங்லர்களில் இதே புகார் எழுந்து, 2019-ல் உற்பத்தி நிறுவனமே டேம்பர் மாற்றித் தந்தது; வழக்கு கோர்ட் வரை போனது. புது வண்டிக்கு அது போதுமோ என்னவோ. பத்து வருஷம் கல்லில் அடிபட்ட ஜீப்புக்குப் போதவே போதாது.

பள்ளமும் பேலன்சிங் கோளாறும் ஆட்டத்தைத் தூண்டிவிடும், உண்மைதான். ஆனால் தூண்டியதும் அடங்காமல் அது தொடர்வதற்குக் காரணம் ஏதோ ஓர் இணைப்பில் இருக்கும் தளர்வு, அதாவது ‘பிளே’. அதைத் தேட இரண்டு பேர் போதும். சக்கரங்கள் தரையில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். பவர் ஸ்டியரிங் என்றால் இன்ஜின் ஓட வேண்டும், கியர் நியூட்ரலில். ஒருவர் ஸ்டியரிங்கைச் சற்றே இடமும் வலமுமாக விடாமல் ஆட்ட, மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பிலும் கைவைத்துப் பார்க்க வேண்டும். ஜிம்னி, ரேங்லரில் முதல் சந்தேகம் பான்ஹார்டு ராடு மேல்தான். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது அதுதான். அதன் போல்ட் தலையை உற்றுப் பாருங்கள். வாஷரைச் சுற்றி பெயின்ட் உரிந்து, பிறை வடிவில் பளபளவென்று ஒரு தேய்ந்த தடம் தெரிகிறதா? ஓரத்தில் செம்பழுப்பாய்த் துருப்பொடி? விரல் வைத்தால் ‘டக், டக்’? அப்படியானால் பிராக்கெட் துளை நீள்வட்டமாகிவிட்டது. போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் சில நாளில் தளரும். பிராக்கெட்டையே சரிசெய்ய வேண்டும்.

ரப்பர் புஷ் மாற்றினால் கடைசி முறுக்கு, வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போதுதான். தூக்கி நிறுத்திய நிலையில் டைட் செய்தால் இறக்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். பல மெக்கானிக்குகள் விட்டுவிடும் விஷயம் இது.

ஜிப்சியிலும் பழைய ஜீப்பிலும் பான்ஹார்டு ராடு கிடையாது. அங்கே ஷேக்கிள் புஷ், யு போல்ட், டை ராடு எண்டு, கிங்பின் பேரிங். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். நின்றுவிட்டால் கோளாறு ஹப் பேரிங்கில். அப்போதும் ஆடினால் கிங்பின்னில்; ரேங்லர் என்றால் பால் ஜாயிண்ட்டில். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் டை ராடு எண்டு. ஸ்டியரிங் பாக்ஸ் சேஸிஸோடு சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

டயரும் ரிம்மும் கடைசியில். சகதியில் இறங்கி வந்தவர்கள் ரிம்மின் உள்பக்கத்தைக் கழுவிவிட்டுப் பேசுங்கள். காய்ந்த சேறே பேலன்சிங்கைக் கெடுத்திருக்கும்.

லிஃப்ட் கிட் போட்டபிறகு ஆட்டம் ஆரம்பித்ததா? உயர்த்தும்போது ஆக்சில் திரும்பி, கேஸ்டர் கோணம் குறைந்திருக்கும். சக்கரம் தானாக நேருக்குத் திரும்பும் குணம் அந்தக் கோணத்தால்தான் வருகிறது. மேலே பெரிய டயர், வெளியே தள்ளும் ஸ்பேசர் என்று அடுக்கினால் ஒவ்வொரு இணைப்பும் இன்னும் வேகமாகத் தேயும். அலைன்மென்ட் கடையில் டோ மட்டும் பார்த்து அனுப்பினால் விடாதீர்கள், கேஸ்டர் அளவைக் கேட்டு வாங்குங்கள்.

கொழுக்குமலை மாதிரிக் கல்பாதையில் ஊர்ந்து ஏறும்போது இந்தக் கோளாறு வாயே திறக்காது. தேய்மானம் அங்கே நடக்கும், ஆட்டம் கீழே தார்ரோட்டில் வேகமெடுக்கும்போது வரும். அதனால் மலையிலிருந்து இறங்கியதும் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். ஒருமுறை ஆடிய வண்டியை, எந்த இணைப்பில் பிளே என்று கண்ணால் பார்க்கும்வரை, நான்குவழிச் சாலைக்கு ஏற்றவே ஏற்றாதீர்கள்.