நகரும் கோழிக்கூடு: இடமும் இரையும்



கோழிக்கூட்டை இடம் மாற்றி வைத்துக்கொண்டே இருப்பது நமக்குப் புதிய பழக்கம் அன்று. முடைந்த பஞ்சாரத்தைத் தாய்க்கோழியின் மீதும் குஞ்சுகளின் மீதும் கவிழ்த்து, வெயில் ஏற ஏற நிழலுக்கு நகர்த்தி வைப்பதை நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகின்றனர். நகரும் கூடு என்பது அந்தப் பஞ்சாரத்தின் விரிந்த வடிவமே. இரவில் உறங்க ஓர் அறை, பகலில் உலவ வலை போர்த்திய ஒரு முற்றம் ஆகிய இரண்டும் சேர்ந்தது அது. இராமநாதபுரம், மண்டபம், பாம்பன், இராமேசுவரம் ஆகிய கரையோர ஊர்களுக்கு அதை எவ்வாறு திட்டமிடுவது என்பதை இன்று கூற விரும்புகிறேன்.

இந்த மண்ணுக்கு நகரும் கூடு இரு வகையில் பொருந்துகிறது. ஒரே இடத்தில் நின்ற கூட்டின் அடியில் எச்சம் குவிந்து, குடற்புழுவும் இரத்தக் கழிச்சலும் பெருகும். கூடு நகர்ந்தால் கோழிக்கு நாள்தோறும் புதிய தரை கிடைக்கிறது; வளமற்ற மணலுக்கு எருவும் கிடைக்கிறது. ஆனால் எச்சத்தின் சாரம் மணலில் விரைவாக இறங்கும். தீவுப் பகுதியில் மணலைத் தோண்டி எடுக்கும் ஊற்று நீர், அடியிலுள்ள உப்பு நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலமேயாகும். ஆகவே கிணற்றுக்கும் ஊற்றுக்கும் குறைந்தது 50 அடி தள்சியே கூடு உலவ வேண்டும். தென்னையின் நேரடியாகக் கீழே நிறுத்துவதும் ஆகாது. காய் விழுந்தால் கூரையும் கோழியும் போகும்.

இனி, எத்தனை கோழிகள் வளர்க்கலாம் என்ற கேள்வி. பலர் கூட்டைக் கட்டிவிட்டு, அதில் கொள்ளும் மட்டும் கோழிகளைச் சேர்க்கின்றனர். இக்கரையில் கணக்கை வேறு முனையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன் பெருகுவதற்காக விதித்த தடை அது. அந்நாட்களில் வீட்டில் வருவாய் குறையும். மலிவாகக் கிடைக்கும் மீன் கழிவு குறையும். வெயில் உச்சத்தில் நிற்கும். குடிநீரோ குடக் கணக்கில் விலைக்கு வரும். முட்டைக் காசு ஒரு பெண்ணின் கைக்கு மிகவும் வேண்டியிருக்கும் காலமும் அதுவே. அந்த 61 நாட்களில் எத்தனை கோழிகளுக்கு இரையும் நீரும் தர முடியுமோ, அத்தனையே அந்த வீட்டின் கோழிகள். கூட்டின் அளவு அதற்குப் பின்னர் வருவது.

எடுத்துக்காட்டாக 8 பெட்டைகள், 1 சேவல் என்று கொள்வோம். உறங்கும் அறையில் ஒரு கோழிக்கு ஒன்றரைச் சதுர அடி போதும். 6 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள அறையில், ஒரு முனையில் 1 அடியை முட்டைப் பெட்டிகளுக்கு ஒதுக்கினால் 15 சதுர அடி எஞ்சும். நான்கைந்து பெட்டைகளுக்கு ஒரு முட்டைப் பெட்டி வீதம் இரண்டு பெட்டிகள் தேவை. கோழிகள் ஏறி உறங்க, ஒரு கோழிக்கு 8 அங்குலம் வீதம் 6 அடிக் கழி வேண்டும். இரண்டு கழிகளை 1 அடி இடைவெளியில் பொருத்திவிடலாம். பகல் முழுவதும் முற்றத்திலேயே அடைத்து வைப்பதானால் ஒரு கோழிக்கு 8 சதுர அடி வேண்டும். அதாவது 6 அடிக்கு 12 அடி. அதையும் நாள்தோறும் நகர்த்தியாக வேண்டும். இருவர் எளிதில் தூக்க முடியாத கூடு நாளடைவில் நகராத கூடாகிவிடும். எனவே அறையையும் முற்றத்தையும் தனித்தனியே செய்து, ஒவ்வொன்றுக்கும் இரு முனைகளிலும் கைப்பிடிக் கழிகள் வைப்பது நலம்.

சட்டத்துக்குச் சவுக்குக் கழி, கூரைக்குப் பனையோலை. தகரம் வெயிலில் கொதிக்கும். உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். பழைய மீன்வலை முற்றத்தின் மேல் போர்த்தப் போதுமானது. பருந்தும் காக்கையும் குஞ்சை எடுக்கா. ஆனால் கீரிக்கும் நாய்க்கும் வலை தடையாகாது. உறங்கும் அறையின் பக்கங்களை நெருக்கமான மரச் சட்டங்களால் அடைக்க வேண்டும். கச்சான் காற்றில் எளிய கூடு உருளும். மணலில் அடித்த முளையோ பிடுங்கிக்கொள்ளும். நான்கு மூலைகளிலும் மணல் மூட்டைகளைப் புதைத்து, அவற்றோடு கயிற்றால் பிணைத்தால் நிற்கும். புயல் எச்சரிக்கை வந்தால் அதையும் நம்பாமல் கோழிகளை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைக் கண்ட கரை இது.

இரைக்கு வருவோம். பகலில் மேய்ந்து வரும் நாட்டுக்கோழிக்கு நாளொன்றுக்கு 40 கிராம் அளவு சேர்த்துக் கொடுத்தால் போதும். அடைத்தே வளர்த்தால் 100 கிராமுக்குக் குறையாமல் தர வேண்டும். மேயும் 9 கோழிகளுக்கு நாளொன்றுக்கு 360 கிராம். 61 நாட்களுக்கு ஏறத்தாழ 22 கிலோ. அதே கூட்டில் 15 கோழிகளை நெருக்கினால் 37 கிலோ ஆகும். உடைத்த கம்பு அல்லது சோளம் 45 பங்கு, குருணை 20, தவிடு 20, கடலைப் புண்ணாக்கு 10, மீன் தூள் 5 என்று கலக்கலாம். புண்ணாக்கில் பூஞ்சை தென்பட்டால் தூர எறிய வேண்டும். அது கோழியின் ஈரலைக் கெடுக்கும். முருங்கைக் கீரையைக் கட்டித் தொங்கவிட்டால் கொத்தித் தின்னும். கரையான் உள்ள ஊர்களில் சாணமும் வைக்கோலும் நனைத்துத் திணித்த பானையை மாலையில் புற்றின் மீது கவிழ்த்து வைத்தால், காலையில் குஞ்சுகளுக்குச் செலவில்லாத சத்துணவு. தொட்டியில் ஒரு கோழிக்கு 4 அங்குலம் இடம் வேண்டும். இரு பக்கமும் கொத்தக்கூடிய ஒன்றரை அடித் தொட்டி 9 கோழிகளுக்குச் சரி. இடம் குறைந்தால் வலியவை தின்ன, எளியவை மெலியும்.

மீன் தூளைப் பற்றித் தனியே ஓர் எச்சரிக்கை. உப்பிட்ட கருவாட்டுக் கழிவைக் கோழிக்குப் போடக் கூடாது. கோழித் தீவனத்தில் உப்பு 100 பங்குக்கு அரைப் பங்கைத் தாண்டலாகாது. கருவாட்டிலோ 100 பங்குக்கு 10 பங்கும் அதற்கு மேலும் இருக்கும். உப்பு மிகுந்தால் கோழி ஓயாது நீர் குடிக்கும், நீராய்க் கழியும், தள்ளாடும், மடியும். காரல் போன்ற சிறு மீன்களை உப்பிடாமல் வெயிலில் உலர்த்தி இடித்துக்கொள்வதே முறை. 22 கிலோ தீவனத்துக்கு வேண்டிய மீன் தூள் 1 கிலோவுக்குச் சற்றே கூடுதல். தடைக்காலத்துக்கு முன்பே அதைச் சேமித்துவிடலாம். அளவை மீறிப் போட்டால் முட்டையிலும் மீன் வாடை வீசும்.

முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கரையில் ஒதுங்கும் கிளிஞ்சலை நன்னீரில் கழுவி, நொறுக்கி, தனிச் சட்டியில் வைத்தால் வேண்டிய பெட்டை வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். பவளப் பாறையைத் தொடக் கூடாது; சட்டம் அதைத் தடுக்கிறது.

இவை எல்லாவற்றிலும் முதன்மையானது நீர். சாதாரண நாளில் கோழிக்குக் கால் லிட்டர் போதும். கோடையில் அரை லிட்டர் வரை செல்லும். 9 கோழிகளுக்கு நாலரை லிட்டர், 15 கோழிகளுக்கு ஏழரை லிட்டர். பின்னது ஏறக்குறைய அரைக் குடம். உவர் நீரைக் கொடுத்துச் சமாளிக்க எண்ணினால், மேலே கூறிய உப்பின் தீங்கு வேறு வழியில் வந்து சேரும். மண்பானையில் நிழலில் வைத்த நீர் குளிர்ந்திருக்கும். கூடு நகரும்போது தண்ணீர்ப் பானையும் உடன் நகர வேண்டும்.

கூடு எவ்வளவு நகர்ந்தாலும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு அது மருந்தாகாது. கோடைக்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்வது இன்றியமையாதது.

கூடு கட்டப் புகுமுன் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதிப் பாருங்கள்: சித்திரை வெயிலில் நாள்தோறும் நீங்கள் தரக்கூடிய நன்னீர் எத்தனை லிட்டர், தடைக்காலத்துக்குச் சேமிக்கக்கூடிய தீவனம் எத்தனை கிலோ, கூட்டைத் தூக்க வீட்டில் எத்தனை கைகள். அவற்றுள் எது குறைவோ அதுவே உங்கள் கோழிகளின் தொகையை வரையறுக்கட்டும். எட்டுப் பெட்டைகள் நலமாக வாழ்ந்து முட்டையிடும் வீட்டில், வருவாய் குன்றும் அந்த இரு மாதங்களிலும் கையில் நாலு காசு புரளும்.