கானகத்துக்கும் ஒரு கல்லூரிப் படிப்பு

என் தமக்கையார் மகள் விலங்கியலில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றுச் சில வாரங்களே ஆகின்றன. வங்கித் தேர்வுக்கு மனுப் போடும்படி தந்தையார் வற்புறுத்துகிறார். அவளோ காட்டு விலங்குகளைப் பற்றி மேற்படிப்புப் படிப்பேன் என்று நிற்கிறாள். "ஆனைக்குப் பயந்து ஊரில் பரண்மேல் கிடந்தோம். பிழைப்புக்காகப் பெங்களூர் வந்தோம். திரும்பவும் ஆனையிடமே போவதற்கு ஒரு பட்டமா?" என்று அவர் கேட்டபோது என்னால் விடை கூற இயலவில்லை. பத்தாம் வகுப்போடு நின்று ரயில்வேயில் குமாஸ்தாவானவன் நான். மேற்படிப்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆயினும், "மாமா, நீங்களாவது விசாரித்துச் சொல்லுங்கள்" என்று அவள் கேட்டுக்கொண்டாள். விசாரித்ததை, நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றுக்கேனும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

தந்தையாரின் கேள்வி அற்பமானதன்று. எங்கள் பூர்வீகம் தேன்கனிக்கோட்டைப் பக்கம். கேழ்வரகு முற்றும் காலத்தில் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக யானைகள் வந்துவிடும். ஓர் இரவில் ஓராண்டு உழைப்புப் போய்விடும். காவலிருந்தவர்களில் உயிரிழந்தோரும் உண்டு. அத்தகைய வீட்டாரிடம் "வனவிலங்குப் பாதுகாப்பு" என்று சொன்னால் முகம் சுளிப்பது இயல்பே.

ஆனால் யானை ஏன் வருகிறது என்று ஒருவர் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார் என்பதை நான் இப்போதுதான் அறிந்தேன். சென்னையைச் சேர்ந்த ஆர். சுகுமார் அவர்கள், நம் ஊரார் டாடா இன்ஸ்டிட்யூட் என்று அழைக்கும் இந்திய அறிவியல் கழகத்தின் ஆராய்ச்சி மாணவராக, 1980களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைப் பகுதிகளில் யானைகளைப் பின்தொடர்ந்தார். வயலில் இறங்குவதில் ஆண்யானையே பெரிதும் முந்திக்கொள்கிறது என்றும், காட்டுப் புல்லைவிடப் பயிரில் புரதமும் உப்புச் சத்தும் மிகுதி என்றும் கண்டார். 1989-ல் அவ்வாராய்ச்சி நூலாகவும் வெளிவந்தது. எங்கள் பாட்டனார் ஒற்றைக் கொம்பனையே அதிகம் அஞ்சுவார். காரணம் கேட்டால், "அது அப்படித்தான்" என்பார். அந்த "அப்படித்தான்" என்பதற்குள் நுழைந்து பார்ப்பதே இந்தப் படிப்பு என்று நான் புரிந்துகொண்டேன்.

தமிழர்களுள் இத்துறையில் முன்னோடி என்று சொல்லத்தக்கவர் ஏ.ஜே.டி. ஜான்சிங் அவர்கள். 1945-ல் பிறந்த நாங்குநேரிக்காரர். சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர், 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்க் கூட்டத்தின் பின்னாலேயே திரிந்தார். அந்நாளில் அதை ஒரு தொழில் என்று எவர் மதித்திருப்பார்? 1982-ல் டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம் ஏற்பட்டது. ஜான்சிங் அங்கே பல்லாண்டுகள் மாணவர்களைக் காட்டுக்குள் நடத்திச் சென்று பழக்கினார். 2024 ஜூனில் இதே பெங்களூரில் காலமானார்.

என்ன கற்பிக்கிறார்கள் என்று கேட்டால், முதலில் வருவது கணக்கு! இதை என் மருமகளே எதிர்பார்க்கவில்லை. காட்டில் எத்தனை புலி உண்டு என்று எண்ணுவது எப்படி? என் தொழிலைக் கொண்டே சொல்கிறேன். ஒரு நிலையத்தை நாள்தோறும் பயன்படுத்தும் பயணிகளில் இன்று 100 பேருடைய சீசன் டிக்கெட்டில் அடையாளம் இடுகிறோம். நாளை 50 பேரைச் சோதித்தால் 10 பேரிடம் அந்த அடையாளம் இருக்கிறது. ஐந்தில் ஒருவர், ஆகவே மொத்தம் ஏறக்குறைய 500 பேர். புலிக்கு நாம் அடையாளமிட வேண்டியதில்லை. ஒரு புலியின் வரியைப்போல் மற்றொன்றுக்கு இராது. வழியில் தானியங்கிக் கேமராவைக் கட்டிவைத்து, வரியைக் கொண்டு ஆளறிந்து, இம்முறையை நாகரஹொளெக் காட்டில் 1990களில் நிலைநாட்டியவர் உல்லாஸ் கரந்த். அவரோ முதலில் இயந்திரப் பொறியியல் படித்தவர்.

எங்கே படிப்பது? பெல்லாரி சாலை வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் எம்.எஸ்ஸி. வகுப்பு புகழ்பெற்றது. இரண்டாண்டுக்கு ஒருமுறை, அதுவும் ஏறக்குறைய பதினைந்து பேரையே எடுத்து வந்திருப்பதால் போட்டி கடுமை. தமிழ்நாட்டில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும் உதகை அரசு கலைக் கல்லூரியும் இத்துறையில் பெயர்பெற்றவை. சேர்க்கை விவரங்களை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்வதே உசிதம்.

"பெண்பிள்ளை காட்டில் தனியாகவா?" என்று தமக்கையார் கலங்கினார். களக்காடு–முண்டந்துறைக் காட்டில் இரவில் உலவும் மரநாயை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்ற திவ்யா முடப்பா அவர்களைப் பற்றிச் சொன்னேன். தமக்கையார் ஒன்றும் பேசவில்லை. ஆனால் மறுநாள் அவர் பெயரை மறுபடி கேட்டுக்கொண்டார்.

சம்பளத்தைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆராய்ச்சித் திட்டங்களில் கிடைப்பது உபகாரத் தொகையே. திட்டம் முடிந்தால் அதுவும் முடியும். வங்கி வேலையின் நிச்சயம் இதில் இல்லை. இந்திய வனப்பணித் தேர்வை விலங்கியல் பட்டத்தோடு எழுதலாம் என்பது ஓர் ஆறுதல். அதுவும் எளிதன்று.

தந்தையார் சற்று இளகியது வால்பாறைச் செய்தி கேட்டபோதுதான். அங்கே பலர் இறந்ததற்குக் காரணம், யானை அருகில் நிற்பதை அறியாமல் எதிர்ப்பட்டதே என்று ஆனந்தகுமார் அவர்களும் உடனிருந்த ஆராய்ச்சியாளர்களும் கண்டனர். ஆகவே யானை நிற்கும் இடத்தைத் தோட்டத் தொழிலாளர்களின் கைப்பேசிக்குச் செய்தியாக அனுப்பினர். மேட்டில் சிவப்பு விளக்கும் எரியச் செய்தனர். "இது நம் ஊரில் இருந்திருந்தால்..." என்று தொடங்கிய அவர், முடிக்காமல் வெற்றிலையை எடுத்து மடித்தார்.

எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. 2021 நவம்பர் 26 அன்று கோவைக்கு அருகே நவக்கரையில் ரயிலில் அடிபட்டு மூன்று யானைகள் மாண்டன. தண்டவாளத்தைச் சேர்ந்த உத்தியோகத்தில் சோறு உண்பவன் அச்செய்தியை எளிதில் மறக்க முடியாது. பின்னர் அப்பகுதியில் யானைகள் கடக்கச் சுரங்கவழிகளும், மதுக்கரையில் 2024-ல் யானை நெருங்குவதை அறிவிக்கும் கேமராக்களும் வந்தன. யானை எந்த இடத்தில், எந்த நேரத்தில் கடக்கும் என்று சொல்ல ஒருவர் படித்திருக்க வேண்டுமல்லவா?

இப்போதைக்கு முடிவு இதுதான்: இரண்டுக்கும் மனுப் போடுவது. வங்கி மனுவுக்குத் தந்தையார் பணம் கட்டினார்; மற்றதற்கு நான் கட்டினேன். மருமகள் மாலைதோறும் புள்ளியியல் புத்தகத்தோடு அமர்ந்திருக்கிறாள். சென்ற ஞாயிறன்று அவள் தந்தையார் மெதுவாக என்னிடம் வந்து, "அட்டை கடிக்காமலிருக்க ஏதோ நீளமான காலுறை போடுவார்களாமே, அது எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார்.