40 குழந்தைகள் இருந்தால் ஒரு பால்வாடி: கேட்டுப் பெறுவோம்

நடவு, களையெடுப்பு, செங்கல் சூளை என்று நம் பெண்கள் பொழுது விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கைக்குழந்தையைப் பாட்டி பார்த்துக்கொள்வார். பாட்டியும் கூலிக்குப் போகும் வீடென்றால் அந்தப் பொறுப்பு மூத்த பெண்பிள்ளையின் தலையில் விழும். ஐந்தாவதோ ஆறாவதோ படிக்கும் அவள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுத் தம்பியை இடுப்பில் சுமப்பாள். சின்னவனுக்குப் பால்வாடி இல்லாததால் பெரியவளின் படிப்பும் கெடுகிறது.

தமிழ்நாட்டில் பால்வாடிக்கு என்ன பஞ்சம் என்று கேட்கலாம். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த சத்துணவுத் திட்டம் கிராமத்துக் குழந்தைகளுக்கு மதியச் சோறு போட்டது. இன்று மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. ஆனால் மையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுதான் நம் கேள்வி. ஊர்த்தெருவில் இருந்தால், மெயின் ரோட்டையும் வாய்க்காலையும் தாண்டி மூன்று வயதுப் பிள்ளை தனியாக நடந்து போக முடியாது. கொண்டுபோய் விடுவதற்கும் கூட்டி வருவதற்கும் வேலைக்குப் போன தாயால் முடியாது. பதிவேட்டில் பெயர் இருக்கும். பிள்ளை வீட்டில் இருக்கும்.

தூரம் மட்டும் தடையல்ல. வீட்டை விட்டு வெளியே வரும் குழந்தை முதலில் காலடி வைக்கும் பொது இடம் பால்வாடிதான். யார் பக்கத்தில் உட்காரலாம், யார் சமைத்ததைச் சாப்பிடலாம் என்பதை அங்கேதான் அது கற்கிறது. 2018-இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தடுத்தார்கள். அதிகாரிகள் அவரை இடமாற்றம் செய்தார்கள். போராட்டம் எழுந்த பிறகே அந்த உத்தரவு ரத்தானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. மதிய உணவு சமைப்போர் நியமனத்தில் தலித்துகளுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே கூறியிருந்தது. உத்தரவு மட்டும் போதாது, அதைக் கையில் எடுத்துக் கேட்க ஆள் வேண்டும் என்பதற்கு இதுவே சாட்சி.

சட்டம் நம் பக்கம்

உணவு உரிமை வழக்கில் 2004 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகள் அனைத்திலும் விரைவாக அங்கன்வாடி அமைக்க முயற்சி எடுக்க வேண்டும் என்றது. 2006 டிசம்பர் 13 அன்று அதே வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது: ஒரு குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் குறைந்தது 40 பேர் இருந்து, அங்கே மையம் இல்லையென்றால், மக்கள் கேட்ட நாளிலிருந்து 3 மாதத்துக்குள் மையம் தரவேண்டும். குடும்பங்கள் குறைவாக உள்ள இடங்களுக்குக் குறு மையம் கேட்கலாம். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அங்கன்வாடி வழியாக இலவச உணவு பெறும் உரிமையை அளித்துள்ளது. ஆகவே நாம் கேட்பது யாருடைய தயவும் அல்ல.

எண்ணிக் கேட்போம்

முதல் வேலை கணக்கெடுப்பு. கல்லூரியிலும் மேல்நிலைப் பள்ளியிலும் படிக்கும் நம் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் போதும். வீடு வீடாகப் போய் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர், இப்போது மையத்துக்குப் போகிறதா, போகாவிட்டால் ஏன் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தாய்மார்களிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள்.

மையம் ஏற்கெனவே இருக்கிறதா? தரத்தைப் பாருங்கள். கூரை ஒழுகுகிறதா, கழிப்பறையும் குடிநீரும் உண்டா, மாதந்தோறும் எடை போட்டுத் தாயிடம் சொல்கிறார்களா, வாரம் 3 முட்டை வருகிறதா, பாட்டும் விளையாட்டும் நடக்கிறதா, எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காருகிறார்களா. ஒரே டீச்சர் இரண்டு மையங்களைக் கவனித்தால் அது அவர் குற்றமல்ல. காலியிடத்தை நிரப்பக் கேட்பதும் நம் கோரிக்கைதான். வேலை முடிந்து தாய் திரும்பும்வரை பிள்ளையை வைத்துக்கொள்ள, அங்கன்வாடியுடன் குழந்தைகள் காப்பகத்தையும் சேர்த்து நடத்த ஒன்றிய அரசின் பால்னா திட்டத்தில் இடமுண்டு. அதையும் மனுவில் எழுதலாம்.

அந்த நோட்டோடு கிராம சபைக்குப் போவோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடுகிறது. பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து தீர்மானம் எழுதச் சொல்ல வேண்டும். நகலும் கேட்டு வாங்க வேண்டும். அந்த நகலை இணைத்துக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுப்போம். மனு கொடுத்ததற்கான ரசீதைப் பத்திரப்படுத்துவோம். 3 மாதக் கணக்கு அந்தத் தேதியிலிருந்து ஓடும். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, மனு எந்த மேசையில் நிற்கிறது என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் பிரசவகால நலன் மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், தாய்க்கு ஓய்வு கொடுப்பது நாட்டின் நலனுக்கானது, அந்தச் சுமையில் அரசுக்கும் பங்கு உண்டு என்று வாதாடினார். பிள்ளையை வளர்ப்பது தாயின் தனிப்பாடு அல்ல என்பதை அவர் அன்றே புரியவைத்தார். அடுத்த கிராம சபைக்கு முன் நம் தெருவில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் என்று எண்ணி முடித்துவிடுவோம்.