பழைய பிரிண்டர், புதிய கம்ப்யூட்டர் – சமாதானம் செய்து வைப்பது எப்படி?

புதிய கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி இது: "பழைய பிரிண்டர் நன்றாகத்தானே ஓடுகிறது? அதை ஏன் இது எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது?" உடனே புதிய பிரிண்டருக்கு ஆர்டர் கொடுத்து விடாதீர்கள். பத்தில் எட்டு பிரிண்டர்களையாவது வேலை செய்ய வைத்து விடலாம்.

ஓசூர் சிப்காட் பகுதியில் உள்ள சிறு பட்டறைகளுக்குப் போனால் இதன் அருமை தெரியும். அங்கே டிவிஎஸ் எம்எஸ்பி, எப்சன் எல்எக்ஸ் வகை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் இன்றும் 'கர்ர் கர்ர்' என்று ஓடிக்கொண்டிருக்கின்றன. லேசர் பிரிண்டர் வாங்க வசதி இல்லாமல் அல்ல. பெரிய கம்பெனியிலிருந்து பாகம் வரும். இவர்கள் கடைசல் பிடித்தோ, துளையிட்டோ திருப்பி அனுப்புவார்கள். ஜாப் ஒர்க்கிற்குச் செல்லும் சரக்குடன் டெலிவரி சலான் போக வேண்டும். ஜிஎஸ்டி விதி 55-ன்படி அது மூன்று பிரதிகள்: சரக்கைப் பெறுபவருக்கு, வண்டிக்காரருக்கு, அனுப்புபவருக்கு. கார்பன் தாளில் ஒரே அடியில் மூன்றும் விழும். கேட்டில் போடும் ஒரு கையெழுத்தும் மூன்றிலும் பதியும். லேசரில் இது நடக்காது.

ஜூஜுவாடி செக்போஸ்ட் முறை 2017-ல் ஜிஎஸ்டி வந்ததோடு முடிந்தது. ஆனால் அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திரா, ஜிகனி பக்கம் ஜாப் ஒர்க்கிற்கு அனுப்பும் சரக்கு வேறு மாநிலத்திற்குப் போவதால், மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஈ-வே பில் வேண்டும். அதன் எண் செல்போனில் இருந்தாலே போதும். சலான் மட்டும் காகிதம்தான்.

ஒரு நாள் மாலை அப்படி ஒரு பட்டறையில் இருந்தேன். அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு அன்றுதான் புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் வந்திருந்தது. பிரிண்டரோ பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தது. "சார், டிரைவர் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கார். ஆறு மணிக்கு மேல போனா அந்தக் கம்பெனியில சரக்கை இறக்க விடமாட்டாங்க, நாளைக்கு லைன் நின்னுடும்" என்றார் ஓனர். "அண்ணா, அந்த ஒரு சலானைப் பழைய கம்ப்யூட்டர்லயே போட்டுடுங்க, வண்டி கிளம்பட்டும். அப்புறம் இதைப் பார்ப்போம்" என்றேன். அவசரத்தில் நெட்வொர்க் செட்டிங்கைக் கிளறக் கூடாது என்பது என் கொள்கை.

வண்டி போன பிறகு பார்த்தோம். புதிய கம்ப்யூட்டர் அந்தப் பிரிண்டரைப் பார்க்கிறது, இணைக்கப் போனால் 11பி என்று முடியும் ஓர் எர்ரர் எண் வருகிறது. இந்த எண் பலருக்கும் அறிமுகமாகியிருக்கும். 2021-ல் 'பிரிண்ட் நைட்மேர்' உள்ளிட்ட சில ஓட்டைகள் விண்டோஸின் பிரிண்ட் பகுதியில் தெரிய வந்தன. அவற்றை அடைக்க மைக்ரோசாஃப்ட் விதிகளை இறுக்கியது. அதற்குப் பிறகுதான் பழைய கம்ப்யூட்டரும் புதிய கம்ப்யூட்டரும் பிரிண்டர் விஷயத்தில் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டன. ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரியை மாற்றினால் சரியாகும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். சரியாகும்தான், அடைத்த ஓட்டையும் திறந்துகொள்ளும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

வேறு வழி இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் பிரிண்டரை ஷேர் செய்து, அதிலேயே பாஸ்வேர்டுடன் ஒரு யூசரை உருவாக்குங்கள். பாஸ்வேர்ட் இல்லாத 'கெஸ்ட்' நுழைவைப் புதிய விண்டோஸ்கள் விரும்புவதில்லை. பிறகு புதிய கம்ப்யூட்டரில் கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, பழைய கம்ப்யூட்டரின் பெயரையும் அந்த யூசர் பெயர், பாஸ்வேர்டையும் சேருங்கள். அடுத்து செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் போய், ஆட் டிவைஸ் கொடுத்து, சற்றுக் காத்திருந்து, மேனுவலாகச் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். அங்கே நெட்வொர்க் பிரிண்டர் என்று தேடாமல், லோக்கல் பிரிண்டர் என்றே சொல்லுங்கள்! 'கிரியேட் எ நியூ போர்ட்', அதில் 'லோக்கல் போர்ட்'. போர்ட் பெயராக இரண்டு பேக்ஸ்லாஷ், பழைய கம்ப்யூட்டரின் பெயர், ஒரு பேக்ஸ்லாஷ், பிரிண்டரின் ஷேர் பெயர் என்று டைப் செய்யுங்கள். இப்போது டிரைவரைப் பழைய கம்ப்யூட்டரிடம் கேட்காமல், புதிய கம்ப்யூட்டர் தன்னிடம் உள்ளதையே பயன்படுத்தும். பெரும்பாலும் 11பி தகராறு இதோடு தீர்ந்துவிடும். எக்ஸ்பி கம்ப்யூட்டராக இருந்தால் இந்த வழி உதவாது. அதற்குத் தெரிந்த எஸ்எம்பி 1 மொழி 2017-ல் வான்னாக்ரை வைரஸ் பரவிய பாதை. அதைத் திறக்காதீர்கள்.

எந்த டிரைவர் போடுவது? விண்டோஸ் 11 முழுக்க 64 பிட். பழைய சிடியில் உள்ள 32 பிட் டிரைவர் ஏறாது. டிவிஎஸ் எம்எஸ்பி பிரிண்டர்கள் எப்சன் பாஷையும் பேசும் என்பதால் பொருத்தமான எப்சன் டிரைவரே போதும். அதுவும் இல்லையென்றால் 'ஜெனெரிக் / டெக்ஸ்ட் ஒன்லி' என்று ஒன்று விண்டோஸிலேயே இருக்கிறது. பிரிண்டரின் சொந்த எழுத்திலேயே அடிப்பதால் நல்ல வேகம். டேலியில் குவிக் / டிராஃப்ட் முறைக்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் கம்பெனி பெயரைத் தமிழில் வைத்திருந்தால் கேள்விக்குறிகளாக வரும். தமிழ் வேண்டுமென்றால் கிராஃபிக்ஸ் அடிக்கும் டிரைவர்தான் தேவை.

பழைய கம்ப்யூட்டரே வேண்டாம் என்பவர்கள், பிரிண்டரில் இருக்கும் பேரலல் போர்ட்டை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும். யுஎஸ்பி - பேரலல் கேபிள் வாங்கலாம். இது விண்டோஸுக்கு யுஎஸ்பி பிரிண்டர் போலத் தெரியுமே தவிர, எல்பிடி1 ஆகாது. எல்பிடி1-ஐ நேரடியாகத் தேடும் பழைய சாஃப்ட்வேர் ஏமாந்துபோகும். இதைவிட எனக்குப் பிடித்தது பிரிண்ட் சர்வர் என்ற சிறு பெட்டி. ஒரு பக்கம் பிரிண்டர், மறு பக்கம் நெட்வொர்க் கேபிள். பேரலல் வகை இப்போது சுலபத்தில் கிடைக்காது. பெங்களூரு எஸ்.பி. ரோடு கடைகளில் செகண்ட் ஹேண்டில் தேடிப் பாருங்கள். வாங்கியதும் ரவுட்டரில் அதற்கு நிரந்தர ஐபி எண் ஒன்றை ஒதுக்கிவிடுங்கள், உதாரணமாக 192.168.1.50. இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்த மறுநாள் எண் மாறி, பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று படுத்துக்கொள்ளும். விண்டோஸில் 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்' தேர்ந்தெடுத்து அந்த எண்ணைக் கொடுத்தால் போதும். பெரும்பாலான பெட்டிகள் 9100 என்ற போர்ட் எண்ணில் காத்திருக்கும்.

வீடுகளில் அதிகம் பார்க்கும் எச்பி லேசர்ஜெட் 1020 வேறு ரகம். சுவிட்ச் போடும் ஒவ்வொரு முறையும் அதன் ஃபர்ம்வேரைக் கம்ப்யூட்டர்தான் ஊட்ட வேண்டும். அதனால் சாதாரண பிரிண்ட் சர்வர் பெட்டியோடு ஒத்துப்போவதில்லை. ஒரு ராஸ்ப்பெர்ரி பை போர்டில் லினக்ஸ், கப்ஸ் இரண்டையும் போட்டு அதற்குரிய டிரைவரைச் சேர்த்தால் ஓடும். செல்போனிலிருந்தும் பிரிண்ட் எடுக்கலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவே.

மற்ற கம்பெனிகளின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. உங்கள் பிரிண்டரின் 64 பிட் டிரைவர் இன்று கிடைத்தால் ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள்.

அந்தப் பட்டறையில் எல்லாம் முடிந்து முதல் சலான் அடித்தபோது, அடித்து முடித்தும் தாள் நிற்காமல் பாதிச் சலானையும் தாண்டி ஓடியது. புதிய கம்ப்யூட்டருக்கு 10 x 6 அங்குலத் தாளே தெரியாது; ஏ4 என்று நினைத்துக்கொண்டிருந்தது. பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸில் 'பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து 'கிரியேட் எ நியூ ஃபார்ம்' டிக் செய்து, அகலம் 10, உயரம் 6 என்று கொடுத்துப் பெயரிட்டு சேவ் செய்யுங்கள். பிறகு பிரிண்டரின் பிரிஃபரன்ஸில் அந்தத் தாளைத் தேர்ந்தெடுங்கள். ஆபீஸில் எத்தனை புதிய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றனவோ, அத்தனையிலும் இதைச் செய்ய வேண்டும்.