சட்டைப் பைக்குள் ஒரு தேகப்பயிற்சி வாத்தியார்!

எண்ணிச் சொல்லும், ஏவி விடும். ஆனால் உங்கள் வலி அதற்குத் தெரியாது!

"ஒன்று... இரண்டு... மூன்று..."

அந்தக் காலத்துத் தேகப்பயிற்சிக் கூடத்தில் இந்தக் குரல் கேட்கும். பிள்ளைகள் தண்டால் எடுப்பார்கள். பஸ்கி போடுவார்கள். வாத்தியார் எதிரே நின்று எண்ணுவார். முதுகு வளைந்தால் அதட்டுவார். மூச்சு வாங்கினால், "போதும், உட்கார்" என்பார்.

இன்று எண்ணும் குரல் செல்போனில் இருந்து வருகிறது.

வீட்டில் பாயை விரிக்கிறார்கள். செல்போனைச் சுவரில் சாய்த்து வைக்கிறார்கள். "தொடங்கு" என்கிறது, தொடங்குகிறார்கள். "ஓய்வு" என்கிறது, நிற்கிறார்கள். வாத்தியாருக்குச் சம்பளம் இல்லை. போய் வரப் பஸ் செலவும் இல்லை.

இது எப்படி வந்தது? இந்த வாத்தியாரை எவ்வளவு தூரம் நம்பலாம்?

தாய்க்காக மகன் போட்ட திட்டம்

அமெரிக்காவில் ஜோஷ் கிளார்க் என்ற வாலிபர் இருந்தார். காதல் முறிந்த துயரத்தை மறக்க அவர் ஓடத் தொடங்கினார். முதலில் ஒரே வேதனை! நாளாக ஆக, ஓட்டம் இனித்தது.

அவருடைய தாய் 50 வயதைத் தாண்டியவர். தாயையும் ஓட வைக்க வேண்டும் என்று மகனுக்கு ஆசை. ஆனால் தான் பட்ட வேதனையைத் தாய் படக்கூடாது! அதற்காக 1996-ம் ஆண்டில் ஒரு திட்டம் எழுதினார்.

திட்டம் இதுதான்: முதல் வாரத்தில் 60 விநாடி மெதுவான ஓட்டம். பிறகு 90 விநாடி நடை. இப்படி மாறி மாறி 20 நிமிடம். வாரத்தில் 3 நாள் மட்டும். மற்ற நாட்களில் ஓய்வு. வாரா வாரம் ஓட்டம் கொஞ்சம் கூடும். 9 வாரம் முடியும்போது நிற்காமல் 30 நிமிடம் ஓடலாம்.

நல்ல திட்டம். ஆனால் ஓடும்போது கடிகாரத்தையே பார்த்துக் கொண்டிருக்க முடியுமா? அந்த வேலையைச் செல்போன் எடுத்துக் கொண்டது. "இப்போது ஓடு", "இப்போது நட" என்று காதில் சொன்னது. பிரிட்டனில் அரசாங்க மருத்துவத் துறையே இந்தத் திட்டத்தைச் செல்போன் செயலியாக இலவசமாகக் கொடுத்தது. அதற்குக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் ஒலிம்பிக் ஓட்ட வீரர் மைக்கேல் ஜான்சன்!

ஒரு தாய்க்காக எழுதிய திட்டம், முகம் தெரியாத எத்தனையோ பேரை ஓட வைத்தது.

நாற்காலியும் சுவரும் போதும்

ஓட இடம் இல்லாதவர்கள் என்ன செய்வது?

அவர்களுக்கும் வழி பிறந்தது. 2013-ம் ஆண்டில் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் பிரெட் கிளிக்கா, கிறிஸ் ஜோர்டன் என்ற இரண்டு பயிற்சியாளர்கள். ஒரு நாற்காலி, ஒரு சுவர், உங்கள் சொந்த உடம்பு. இவை மூன்றையும் வைத்து 12 பயிற்சிகளைச் சொன்னார்கள்.

கைகால் விரித்துக் குதித்தல், சுவரில் சாய்ந்து நாற்காலி போல் உட்காருதல், தண்டால், நாற்காலி மேல் ஏறி இறங்குதல், பஸ்கி, நின்ற இடத்திலேயே ஓடுதல் ஆகியவை அவற்றுள் சில. ஒவ்வொன்றும் 30 விநாடி. நடுவில் 10 விநாடி ஓய்வு.

"7 நிமிடப் பயிற்சி" என்று இதற்குப் பெயர் வந்தது. உடனே செல்போன் செயலிகள் முளைத்தன. விநாடிகளை எண்ணுவதுதான் செல்போனுக்குக் கைவந்த கலை ஆயிற்றே!

ஆனால் ஒன்று. இது சுலபமான பயிற்சி அல்ல. நேரம் குறைவு, வேகம் அதிகம். நேரம் இருந்தால் இதையே 2, 3 முறை திரும்பச் செய்யலாம் என்றும் அந்தக் கட்டுரை கூறியது. "7 நிமிடம்தானே" என்று முதல் நாளே பாய்கிறவர்கள் மறுநாள் படி இறங்கத் திண்டாடுவார்கள்.

செல்போனுக்கு எப்படித் தெரியும்?

பஸ் திடீரென்று நின்றால், நிற்பவர்கள் முன்னால் சாய்கிறார்கள் அல்லவா? செல்போனுக்குள்ளும் அப்படி ஒரு "பயணி" இருக்கிறார்! அரிசி மணியை விடச் சிறிய ஒரு கருவி. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலிக்கான் துண்டு தொங்குகிறது. நீங்கள் அடி எடுத்து வைத்தால் அது அசைகிறது. அசைவை மின்சாரம் தெரிவிக்கிறது. செல்போன் "ஓர் அடி" என்று எண்ணிக் கொள்கிறது.

சில செயலிகள் காமிரா வழியாகவும் பார்க்கின்றன. கூகுள் நிறுவனம் 2020-ல் வெளியிட்ட ஒரு முறை, உடம்பில் 33 இடங்களைக் கண்டுபிடிக்கிறது. தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் எங்கே இருக்கின்றன என்று கணக்குப் போடுகிறது. பஸ்கி போடும்போது முழங்கால் எவ்வளவு மடங்கியது என்று சொல்ல இது உதவுகிறது.

10 ஆயிரம் அடி கட்டாயமா?

"இன்று 10 ஆயிரம் அடி நடக்கவில்லை!" என்று செல்போன் குற்றம் சாட்டுகிறதா? கவலை வேண்டாம்.

அந்தக் கணக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்தது அல்ல. 1965-ம் ஆண்டில் ஜப்பானில் அடிகளை எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் "மான்போ-கே". "10 ஆயிரம் அடி மீட்டர்" என்று பொருள். விற்பனைக்காக வைத்த பெயர், உலகத்துக்கே சட்டம் ஆகிவிட்டது!

2019-ல் அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. சராசரி வயது 72 உள்ள 16 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்களைக் கவனித்தார்கள். தினமும் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடம், 2,700 அடி நடந்தவர்களை விட மரணம் குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் போனபோது, அந்தப் பலன் மேலும் கூடவில்லை.

செல்போன் காட்டும் இலக்கு வேறு. உங்களுக்குத் தேவையான அளவு வேறு.

வாத்தியார் அறியாதது

அந்தக் காலத்து வாத்தியார் முகத்தைப் பார்ப்பார். "நேற்று காய்ச்சலாமே? வீட்டுக்குப் போ" என்பார். செல்போன் அப்படிச் சொல்லாது. நெஞ்சு வலித்தாலும், தலை சுற்றினாலும், "இன்னும் 10 விநாடி!" என்றுதான் கூவும். அந்த நேரத்தில் செல்போன் பேச்சைக் கேட்கக்கூடாது. உடம்பின் பேச்சைக் கேட்க வேண்டும். உடனே நிறுத்த வேண்டும். நெஞ்சு வலி என்றால் தாமதம் இன்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தொடங்கும் முன் இவற்றை நினைவில் வையுங்கள்:

* இருதய நோய், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

* மூச்சை அடக்கிக் கொண்டு பயிற்சி செய்யாதீர்கள். ரத்த அழுத்தம் ஏறும்.

* ஈரத் தரையில் குதிக்காதீர்கள். ஆடும் நாற்காலியில் ஏறாதீர்கள்.

* "இலவசம்" என்று தொடங்கும் சில செயலிகள், சில நாள் கழித்துப் பணம் பிடிக்கும். வங்கி விவரம் கேட்டால், வீட்டில் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

எவ்வளவு போதும்? பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் கூறியது. வாரத்தில் 2 நாளாவது தசைகளுக்குப் பயிற்சி வேண்டும் என்றும் கூறியது. தினம் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால், 5 நாளில் 150 நிமிடம் ஆகிவிடும்!

கிளார்க்கின் தாய் முதல் நாளில் ஒரு தடவைக்கு ஓட வேண்டியிருந்தது 60 விநாடிதான். அடுத்தது நடை. தாயால் எவ்வளவு முடியும் என்பது மகனுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்தத் திட்டம் நிலைத்தது.

உங்களால் எவ்வளவு முடியும் என்பது செல்போனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். எண்ணுகிற வேலையை அதனிடம் விடுங்கள். "போதும்" என்று சொல்லும் அதிகாரம் உங்களிடமே இருக்கட்டும்!