கரையேறிய பிறகு

குடியை விட்டவர் வெளியூர் கிளம்பினால், போகும் இடத்தில் மது கிடைக்குமா என்றுதான் வீட்டார் முதலில் கவலைப்படுவார்கள். தூத்துக்குடிக் கரையில் அந்தக் கணக்குத் தப்பிவிடுகிறது. இங்கே பழைய துறைமுகத்திலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு தோணிகள் மாலத்தீவுக்குப் போகின்றன. சுற்றுலா விடுதிகளைத் தவிர அந்த நாட்டில் மதுவுக்கு இடமில்லை. வெளியிலிருந்து கொண்டுபோகவும் கூடாது. ஆகவே ஒரு தோணிக்காரர் வாரக்கணக்கில் ஒரு சொட்டும் தொடாமல் ஊர் திரும்ப முடியும். ஆனால் அந்தக் கட்டுப்பாடு கடலும் அயல்நாட்டுச் சட்டமும் போட்டது. தோணி கரையில் கயிறு கட்டியதும் அது முடிந்துவிடும்.

அருகிலுள்ள தருவைகுளத்திலிருந்து பல நாள் தங்கி மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கும் இதே நிலைதான். கடலில் தூக்கமில்லை, நேரத்துக்குச் சோறில்லை, வீட்டுப் பேச்சில்லை. கரைக்கு வந்து மீன் விற்றதும் பங்குப் பணம் கைக்கு வருகிறது. கூடவே வேலை செய்தவர்கள் கூப்பிடுகிறார்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கு நேரங்களில் எச்சரிக்கையாக இருக்கும்படி குடிநோய் சிகிச்சையாளர்கள் சொல்வது வழக்கம். இங்கே நான்கும் ஒன்றாக வருகின்றன, அதுவும் கையில் காசு இருக்கும்போது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்றால் வேலையும் இருக்காது, பொழுதும் போகாது. அது பயணமில்லைதான்; ஆனாலும் கடலோடிக்கு நீண்ட கரைவாசம்.

கட்டுப்பாடு முடிந்ததும் குடி திரும்புவதைச் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களிடமும் பார்க்கலாம். 41 நாள் விரதத்தில் குடியை அறவே தொடாதவர் பலர், மாலையைக் கழற்றியதும் பழைய இடத்துக்கே போய்விடுகிறார்கள். விரதம் பயனற்றது என்று சொல்வதற்கில்லை. குடிக்காமல் இருக்கத் தம்மால் முடியும் என்பதை அந்த மனிதர் அறிந்துகொள்கிறார். ஆனால் 42ஆம் நாளுக்கு அவரிடம் திட்டம் எதுவும் இல்லை.

நாள்தோறும் குடிப்பவர், ‘படகில் ஏறினால் தானாக நின்றுவிடும்’ என்று கிளம்புவது இன்னும் ஆபத்து. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத ஆள் தெரியும், இல்லாத குரல் கேட்கும். மருத்துவமனையில் மருந்தாலும் வைட்டமின் பி1 ஊசியாலும் இதைச் சமாளிக்க முடியும். கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கைப்பிடி இல்லாத படகில், இது உயிரை வாங்கும். குடியை நிறுத்தும் முதல் வாரத்தை மருத்துவர் கண்காணிப்பில் கழிப்பதே சரி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் இதற்குச் சிகிச்சை உண்டு.

இந்தக் கரையில் குடியைத் தண்டனையால் ஒழிக்கப் பார்த்ததும் பழைய கதைதான். முத்துக்குளித்துறைக்கு 1542-ல் வந்த பிரான்சிஸ் சவேரியார், சாராயம் குடிக்கும் பெண்களைச் சிறையில் வைக்கும்படி தம் உதவியாளருக்குக் கடிதம் எழுதினார். ஆண்களுக்கு என்ன தண்டனை என்ற கேள்வி வாசகருக்கு வருவது இயல்பு! தண்டனைக்குப் பயந்தால் நோய் மறைக்கப்படும். சர்வதேசக் கப்பல் பணியாளர்களுக்கு 2012 முதல் நடைமுறையில் உள்ள விதி, ரத்தத்தில் மதுவின் அளவு 0.05 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. பாதுகாப்புக்கு இந்த விதி தேவை. ஆனால் வேலை போய்விடுமே என்று உதவி கேட்காமல் இருப்பவரை இந்த விதியால் குணப்படுத்த முடியாது.

அவருக்குத் தேவை பேச ஓர் ஆள். ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பே ஒரு வெளியூர்ப் பயணத்தில் பிறந்ததுதான். 1935 மே மாதம் பில் வில்சன் என்ற அமெரிக்கர் தொழில் விஷயமாக அக்ரன் நகருக்குப் போனார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. காரியம் தோற்றது, தங்கிய விடுதியின் மதுக்கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் அங்கே போகாமல் தொலைபேசிப் பக்கம் போய், தேவாலயப் பட்டியலைப் பார்த்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர்தான் மருத்துவர் பாப் ஸ்மித். அடுத்த மாதமே பாப், அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மருத்துவர் மாநாட்டுக்குத் தனியாகப் போய், அங்கே குடித்துவிட்டுத் திரும்பினார். அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10 அமைப்பின் தொடக்க நாளாகக் கருதப்படுகிறது. பின்னாளில் கூட்டத்துக்கு வர முடியாத கடலோடிகள் கடிதம் வழியாகத் தொடர்பில் இருக்கவும் அமைப்பு வழி செய்தது. இப்போது இணையவழிக் கூட்டங்கள் உள்ளன.

பயணத்துக்கு முன் செய்யவேண்டியவை அதிகமில்லை. எந்த நாளில் யாரிடம் பேசுவது, கரையிறங்கியதும் யார் வந்து அழைத்துப்போவது, பங்குப் பணம் யார் கையில் போவது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவுசெய்துவிடலாம். ஆகஸ்ட் 5-ல் நிறைவுபெறும் பனிமய மாதா திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவரை, “என்னல மக்கா, ஊருக்கு வந்துட்டுச் சும்மா போறியோ?” என்று நண்பர்கள் மடக்குவார்கள். “மாத்திரை சாப்பிடுதேன், ஒத்துக்காது” என்ற ஒரே பதில் போதும். நீண்ட விளக்கம் சொன்னால் பேரம் தொடங்கிவிடும்.

குடியை விடுவதற்காக மருத்துவர் தரும் டைசல்ஃபிரம் மாத்திரை எடுப்பவருக்கு அந்தப் பதில் வெறும் சாக்கு இல்லை. அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கவும் கூடும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு இருக்கலாம். வழியில் சளிக்கு வாங்கும் சில சிரப்புகளிலும் அரிஷ்டங்களிலும் மது உண்டு என்பதால், கடையில் கேட்டுத்தான் வாங்கவேண்டும். பயணத்துக்குத் தேவையானதைவிடச் சில நாளுக்குக் கூடுதலாக மாத்திரை எடுத்துக்கொள்வது நல்லது; காற்று மாறினால் தோணி திரும்பும் தேதியும் மாறும்.

வழியில் ஒருமுறை தவறிக் குடித்துவிட்டால், ‘எல்லாம் போச்சு’ என்று தொடர்ந்து குடிப்பதுதான் பெரிய சேதம். அந்த நிலையில் டைசல்ஃபிரம் மாத்திரையை உடனே விழுங்கக் கூடாது. குடித்துக் குறைந்தது 12 மணி நேரமாவது போகவேண்டும், மருத்துவரிடம் கேட்டபிறகே தொடங்கவேண்டும். போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லா எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் எண் 14416. கைபேசிச் சிக்னல் உள்ள எந்த இந்தியக் கரையிலிருந்தும் இவற்றை அழைக்கலாம்.