குடும்பக் கணக்கு – 7: கோழிக்கடைப் பலகை

மாத்தளைப் பக்கத்துக் கோழிக்கடைகளில் விலைப்பலகை அநேகமாக இரண்டு வரிதான். தோலோடு ஒரு விலை, தோல் இல்லாமல் ஒரு விலை. சில கடைகளில் அதற்குக் கீழே ஈரல், கழுத்து, எலும்பு என்று சின்ன எழுத்தில் இருக்கும். அந்த வரியை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. "நானா, தோல் எடுத்து ஒரு கிலோ போடுங்க" என்பதோடு வேலை முடிந்துவிடுகிறது.

விலையைப் பேசிக் குறைக்கலாம் என்ற ஆசையை முதலில் விட்டுவிடுவோம். புரொயிலர் குஞ்சு ஐந்தாறு வாரத்தில் கடைக்கு வந்துவிடும். அதை வளர்க்கும் செலவில் பெரும்பகுதி தீனிக்கே போகிறது. தீனியில் முக்கியமானது சோளம். 2021 இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது அநுராதபுரம், மொணராகலைப் பக்கத்துச் சோளச் செய்கை அடிவாங்கியது. டொலர் தட்டுப்பாட்டில் வெளிச்சோளமும் வேண்டிய அளவுக்கு வரவில்லை. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். 2023 இல் முட்டையைக்கூட இந்தியாவிலிருந்து கொண்டுவந்தோம். இவ்வளவுக்கும் பிறகு கடைக்கார நானாவோடு பத்து ரூபாவுக்கு மல்லுக்கட்டி என்ன ஆகப்போகிறது? 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அப்போது ஒரு கிலோ கோழி வாங்கினால் அதில் பெரும்பங்கு அன்றே தீர்ந்துவிடும். ஆகவே எதை வாங்குகிறோம், வீட்டில் அதை என்ன செய்கிறோம் என்பதில்தான் மிச்சம் பிடிக்க வேண்டும்.

கணக்குக்காக, தோலோடு முழுக்கோழி கிலோ 1,200 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். தோலும் அதோடு ஒட்டிய கொழுப்பும் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் தோல் எடுத்த கோழி 1,330 ரூபாவைத் தாண்டும்போது, தோலோடு வாங்கி வீட்டில் உரிப்பதே லாபம். உரித்த தோலை நாய்க்குப் போட்டுவிடாதீர்கள். வெறும் சட்டியில் சிறுதீயில் வைத்தால் எண்ணெய் தானாக இறங்கும். வெங்காயமும் ரம்பையும் கறிவேப்பிலையும் அதிலேயே தாளிக்கலாம். தேங்காயெண்ணெய் விலையைப் பற்றிச் சென்ற வாரம் புலம்பினோமே, அதற்கு இது ஒரு சின்ன மருந்து.

எலும்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எலும்பில்லாத இறைச்சி முழுக்கோழியின் விலையைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 1,800 ரூபா வரை இருந்தால் சரிக்குச் சரி என்று தோன்றும். ஆனால் முழுக்கோழியின் முதுகும் கழுத்தும் மிளகு தட்டிப்போட்டு ஒரு சட்டி சூப்பைத் தருகின்றன. வெறும் சதையை வாங்கினால் அது இல்லை. மாத்தளையில் மிளகு வீட்டு வாசலிலேயே காய்க்கிறது. பக்கட் மிளகுத்தூளுக்குக் காசு கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஊர்க்கோழியை உயிரோடு நிறுத்து விற்றால் இன்னொரு கணக்கு. இறகும் குடலும் போக முக்கால் பங்குகூடத் தேறாது. உறைந்த கோழிப் பையில் வடியும் தண்ணீரும் கோழி விலைக்கு வாங்கியதுதான். பலகையே மாட்டாத கடை என்றால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது.

முட்டையிட்டு ஓய்ந்த லேயர் கோழி மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள், உங்கள் வீட்டில் விறகடுப்பு இருந்தால். அதன் சதை லேசில் வேகாது. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 4,860 ரூபாவுக்குப் போனபோது, இப்படிப்பட்ட கோழியை வாங்கி மிச்சம் பிடித்த காசை அடுப்பே தின்றிருக்கும். மிளகுக்கொடி படர நட்ட கிளிசிரிடியாவைக் கழித்த கொம்புகள் கிடைக்கிற வீட்டுக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு துண்டு பப்பாசிக்காயை அதன் பாலோடு அரைத்து இறைச்சியில் பிசறி அரைமணி நேரம் வைத்தால் வேகும் நேரமும் குறையும்.

முழுக்கோழியை இரண்டு மூன்று நேரத்துக்குப் பிரிப்பதெல்லாம் குளிர்சாதனப் பெட்டி இருக்கிற வீட்டுக்குச் சரி. லயத்தில் பெட்டி இல்லாத வீடுகள் இன்னும் உண்டு. அங்கே பச்சை இறைச்சியை மறுநாளுக்கு வைத்தால் மிஞ்சிய காசு மருந்துக்குப் போகும். இரண்டு வீட்டுக்காரர் பங்கு போட்டு ஒரு கோழி வாங்கி அன்றே சமைப்பதுதான் வழி. போயா தினத்தில் இறைச்சிக்கடை பூட்டு என்பதால் முந்திய நாளே நிறைய வாங்கி வைக்கும் பழக்கமும் இந்த வீடுகளுக்கு ஆகாது. அன்றைக்குப் பருப்பும் கருவாடும் போதும்.

கறியைப் பெருக்க வேண்டுமானால் தண்ணீரை ஊற்றாதீர்கள். உருளைக்கிழங்கோ ஈரப்பலாவோ போடுங்கள். சாற்றை அவை இழுத்துக்கொள்ளும், பிள்ளைகள் இறைச்சித் துண்டை எண்ண மாட்டார்கள். எலும்போடு சின்னச் சின்னதாக வெட்டித் தரும்படி கடையிலேயே கேளுங்கள்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். தொடை பிள்ளைக்கு, நெஞ்சுத்துண்டு ஐயாவுக்கு, கழுத்து அம்மாவுக்கு என்று பல வீடுகளில் எழுதாத சட்டம் இருக்கிறது. நாள் முழுக்கக் கொழுந்துக் கூடையைச் சுமந்து மலையேறி இறங்கியவள் கடைசியில் குழம்பை வழித்துச் சாப்பிடுகிறாள். இதைச் சிக்கனம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பலகையின் கீழ்வரியில் இருக்கும் ஈரல் சதையைவிட மலிவாகக் கிடைத்தால், அதை வாங்கி அவளுக்கும் வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கும் வையுங்கள். இரும்புச்சத்து அதில்தான் அதிகம். உயிர்ச்சத்து ஏ-யும் மிகுதியாக இருப்பதால் கர்ப்பிணிகள் மட்டும் கிளினிக்கில் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும். மிளகும் சீரகமும் போட்டுப் பிரட்டினால் பத்து நிமிடத்தில் வெந்துவிடும். எரிவாயுச் செலவும் சொற்பம்.

(தொடரும்)